சிறைக்கு வரும் அரசுப் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறைகளை மேம்படுத்தவும் உள்ளே இருப்பவர்களின் மறுவாழ்வுக்கும் அரசு ஒதுக்கும் நிதி எங்கிருந்து வருகிறது, எதற்குப் போகிறது, அதில் ஒரு சிறைவாசியோ அவர் குடும்பமோ ஒரு தொண்டு நிறுவனமோ எதைக் கேட்டுப் பெற முடியும்? சட்ட உதவி முகாம்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. இந்திய நிலவரத்தை வைத்து எழுதியிருக்கிறேன். மாநில அளவில் உதாரணம் தேவைப்படும் இடங்களில் பெரும்பாலும் தமிழ்நாடு.

சிறைகளுக்குச் செலவு செய்வது மத்திய அரசா, மாநில அரசா?

மாநில அரசுதான். அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலில் 4ஆவதாகச் சிறை இருக்கிறது. வார்டர் சம்பளம், சாப்பாடு, மருந்து, மின்கட்டணம், சுவர் பூச்சு எல்லாமே மாநில பட்ஜெட்டில்தான் வரும். மத்திய அரசு தருவது மேல்நிதி. அதற்கு மானியம், உதவித்தொகை, நவீனமயத் திட்டம் என்று பல பெயர்கள் உண்டு.

அளவு தெரிந்தால் விஷயம் புரியும். 2022-23இல் நாட்டின் எல்லாச் சிறைகளுக்கும் சேர்த்து ஒதுக்கப்பட்டது சுமார் 8,700 கோடி ரூபாய். அதில் செலவானது சுமார் 7,800 கோடி. 2021-22இல் தொடங்கிய மத்திய அரசின் நவீனமயத் திட்டத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து 950 கோடி, அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 190 கோடி. மொத்தச் செலவில் இது இரண்டு மூன்று சதவீதம்தான். ஆகவே "டெல்லியில் இருந்து பணம் வரவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை" என்று ஓர் அதிகாரி சொன்னால், மாநிலத்தின் சொந்தப் பணம் எங்கே போனது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

மத்திய அரசு இதுவரை என்னென்ன தந்திருக்கிறது?

பெரிய அளவில் வந்த முதல் திட்டம் 2002-03இல் தொடங்கியது. மொத்தம் 1,800 கோடி ரூபாய், 27 மாநிலங்கள். செலவில் 75 பங்கு மத்திய அரசு, 25 பங்கு மாநிலம். ஐந்து ஆண்டுகளுக்கென்று தொடங்கிய இது 2009 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது. புதிய சிறை, கூடுதல் அறைகள், பழுதுபார்ப்பு, பணியாளர் குடியிருப்பு, தண்ணீர், கழிவறை என முழுக்கக் கட்டுமானப் பணம் அது. நூறுக்கும் மேற்பட்ட புதிய சிறைகளும், 1,500க்கும் மேற்பட்ட கூடுதல் கொட்டடிகளும், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர் வீடுகளும் எழுந்தன.

அப்புறம் கணினிமயம். ஒரு கைதி எப்போது உள்ளே வந்தார், எந்த வழக்கு, அடுத்த வாய்தா எப்போது என்பதையெல்லாம் பதிவு செய்யும் இ-பிரிசன்ஸ் என்ற மென்பொருள் தேசிய தகவல் மையத்தின் மூலம் மாநிலங்களுக்குப் போனது. வெளியில் அதிகம் பேசப்படாத திட்டம் இது. ஆனால் விசாரணைக் கைதி ஒருவர் தன் வழக்குக்குரிய அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் பாதியைக் கடந்துவிட்டாரா என்பதைக் காகிதக் கட்டுகளைப் புரட்டாமல் கண்டுபிடிக்க இதுதான் வழி.

அடுத்து வந்தது, 2021-22 முதல் 2025-26 வரைக்குமான 950 கோடி ரூபாய்த் திட்டம்.

அந்த 950 கோடியில் என்ன வாங்குகிறார்கள்?

முக்கியமாகப் பாதுகாப்புக் கருவிகள். வாசலில் நிறுத்தும் மெட்டல் டிடெக்டர், பைகளைச் சோதிக்கும் ஸ்கேனர், உடல் சோதனைக் கருவி, கண்காணிப்பு கேமரா, செல்போன் அலைகளைத் தடுக்கும் ஜாமர், நீதிமன்றத்தோடு பேச வீடியோ கான்ஃபரன்ஸ் வசதி.

திட்டத்தின் நோக்கங்களில் சீர்திருத்தப் பணிகள், தொழில் பயிற்சி, மறுவாழ்வு, அதிகாரிகளின் மனப்போக்கை மாற்றும் பயிற்சி ஆகியவையும் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரு துறைக்குப் பணம் வந்தால் எது எளிதில் செலவாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்கேனருக்கு டெண்டர் விடலாம், வந்ததும் படம் எடுக்கலாம், பில்லைக் கோப்பில் வைக்கலாம். ஓர் உளவியல் ஆலோசகரை மூன்று ஆண்டுக்கு நியமிப்பது அப்படி இல்லை. பணியிடம் உருவாக்க வேண்டும், நிதித்துறை ஒப்புதல் வேண்டும், திட்டம் முடிந்ததும் அவருக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்வி வரும். யாரும் மறுவாழ்வுக்கு எதிராக முடிவெடுப்பதில்லை. கருவிக்குச் செலவு செய்வது சுலபம், அவ்வளவுதான். சிறை நிதி பற்றிய என் முக்கியமான குறையும் இதுதான்.

வீடியோ கான்ஃபரன்ஸ் மட்டும் விதிவிலக்கு. வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லை என்று வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போன வழக்குகள் அதனால் கொஞ்சம் நகர்கின்றன.

மொத்தச் செலவில் மறுவாழ்வுக்கு எவ்வளவு போகிறது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் சிறைப் புள்ளிவிவர அறிக்கையில் இதைப் பார்க்கலாம். சிறைவாசிகளுக்கென்று நேரடியாகச் செலவாகும் தொகையில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக்கே போய்விடும். கல்விக்கும் தொழில் பயிற்சிக்கும் போவது ஒற்றை இலக்கச் சதவீதம். அந்த அட்டவணையில் உங்கள் மாநிலத்தின் வரியை மட்டும் எடுத்து, நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒப்பிடுங்கள். எந்த மேடைப் பேச்சையும்விட அது தெளிவாகச் சொல்லும்.

புதிய சிறை கட்டினால் கூட்ட நெரிசல் தீராதா?

கொஞ்ச காலத்துக்குக் குறையும். 2002 திட்டத்தில் கட்டியவை திறக்கப்பட்ட பிறகு நிலைமை மேம்பட்டது உண்மை. 2014 இறுதியில் 100 பேருக்கான இடத்தில் 117 பேர் இருந்தார்கள். 2022 இறுதியில் அது 131 ஆனது. அப்போது நாட்டின் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கு இடம் இருந்தது, உள்ளே இருந்தது 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், ஏறத்தாழ நான்கில் மூவர்.

தண்டனைக் கைதிகளை மட்டும் வைத்திருந்தால் இருக்கிற சிறைகளில் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும். நெரிசல் ஜாமீன் கிடைக்காமலும் வழக்கு முடியாமலும் வருவது. அதைச் செங்கல்லால் தீர்க்கப் பார்ப்பது செலவு மிகுந்த வழி. அதற்காகப் பழைய கட்டடங்களை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. 1837இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறையை விட்டு 2006இல் புழலுக்கு மாறியது தேவையான செலவு. அந்தப் பழைய கொட்டடிகளைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்கமாட்டார்கள்.

"குற்றவாளிகளுக்கு எதற்கு எங்கள் வரிப்பணம்?"

மேலே சொன்ன எண்ணையே திரும்பப் பாருங்கள். உள்ளே இருப்பவர்களில் நான்கில் மூவர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. மீதிப் பேரிலும் மிகப் பெரும்பாலானவர்கள் என்றோ ஒருநாள் வெளியே வந்து நம் தெருவில்தான் குடியிருக்கப் போகிறார்கள். வரும்போது கையில் ஒரு தொழில் இருக்கிறதா, இல்லையா என்பது அவர்களுக்கு மட்டுமான பிரச்சினை இல்லை.

என் தம்பிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, கட்டப் பணம் இல்லை. அரசு உதவி உண்டா?

உண்டு. 2023-24 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டம் இதற்கென்றே இருக்கிறது. ஆண்டுக்கு 20 கோடி ரூபாய். பணத்தை மாநிலங்களுக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு.

2023 வழிகாட்டுதலின்படி நடைமுறை இது. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாளுக்குள் ஆள் வெளியே வராவிட்டால், சிறை நிர்வாகம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் குடும்பத்தின் பொருளாதார நிலையை விசாரித்து அறிக்கை தருவார். அப்புறம் ஒரு மாவட்டக் குழு கூடி முடிவெடுக்கும். அதில் மாவட்ட ஆட்சியர், ஆணைக்குழுச் செயலாளர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், மாவட்ட நீதிபதி நியமிக்கும் ஒரு நீதிபதி ஆகியோர் இருப்பார்கள். விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை இந்தக் குழுவே அனுமதிக்கலாம். தண்டனை முடிந்தும் அபராதம் கட்ட முடியாமல் உள்ளேயே இருப்பவருக்கு 25,000 ரூபாய் வரை. அதற்கு மேல் என்றால் மாநில அளவிலான குழுவுக்குப் போகும். இந்த வரம்புகளிலும் நடைமுறையிலும் பிற்பாடு மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆணைக்குழு அலுவலகத்தில் இன்றைய தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் உங்கள் கையில் வராது. நீதிமன்றத்தில் நேரடியாகச் செலுத்தப்படும். வழக்கு முடிந்ததும் அரசுக்கே திரும்பிவிடும்.

எங்கே போய்க் கேட்பது? வக்கீல் வைக்க வேண்டுமா?

மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வக்கீல் கட்டணம் எதுவும் வேண்டாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி சட்டப்படியே உரிமை, வருமான வரம்பு பார்ப்பதில்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். மனு போட்டுச் சிறையில் தம்பியைப் பார்க்கப் போகும்போது, சிறைக்குள் வரும் சட்டத் தன்னார்வலரிடம் பெயர் கொடுக்கச் சொல்லித் தம்பியிடம் சொல்லுங்கள். உள்ளேயிருந்து ஒரு கடிதம், வெளியேயிருந்து ஒரு மனு என்று இரண்டு பக்கமும் போனால் கோப்பு சீக்கிரம் நகரும்.

கையில் ஜாமீன் உத்தரவின் நகல், வழக்கு எண், எந்த நீதிமன்றம், ரேஷன் கார்டு நகல் இவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கெல்லாம் கிடைக்காது?

ஊழல் தடுப்புச் சட்டம், பணமோசடித் தடுப்புச் சட்டம், போதைப் பொருள் தடுப்புச் சட்டம், ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் ஆகியவற்றின் கீழ் வழக்கு இருப்பவர்களுக்கு 2023 வழிகாட்டுதல்படி இல்லை. கஞ்சா வழக்கில் சிக்கிய கூலித் தொழிலாளிகள் ஒட்டுமொத்தமாக வெளியே நிறுத்தப்படுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வியாபாரியையும் அவனிடம் பொட்டலம் சுமந்தவனையும் ஒரே தட்டில் வைக்கிற விலக்கு அது.

இவ்வளவு நல்ல திட்டம் என்றால் ஏன் யாருக்கும் கிடைத்த மாதிரி தெரியவில்லை?

நியாயமான கேள்வி. கணக்குப்படி 20 கோடியை ஆளுக்கு 40,000 என்று பிரித்தால்கூட ஆண்டுக்கு 5,000 பேர் வெளியே வந்திருக்க வேண்டும். பல மாநிலங்கள் தகுதியானவர்களையே அடையாளம் காணவில்லை, செயல்பாடு ஊக்கம் தருவதாக இல்லை என்று மத்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது.

சிலர் இதை அதிகாரிகளின் அலட்சியம் என்று முடித்துவிடுகிறார்கள். அலட்சியமும் இருக்கிறது. ஆனால் அடியில் வேறு ஒரு சிக்கல் உண்டு. இந்தத் திட்டம் பணம் தருகிறது. நம் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கேட்பது பணம் இல்லை, ஆள். "இரண்டு ஜாமீன்தாரர், ஒருவர் ரத்த உறவு" என்று உத்தரவு இருந்தால், அரசு நாற்பதாயிரம் தந்தும் பயனில்லை. வேறு மாநிலத்தில் இருந்து வேலைக்கு வந்தவர், குடும்பம் கைவிட்டவர், ஊரில் யாரும் கையெழுத்துப் போட முன்வராதவர் ஆகியோர் உள்ளேதான் இருப்பார்கள். ஏழையாக இருப்பதோடு தனியாகவும் இருப்பவர்களை இந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

அப்போ ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

அந்த நிபந்தனையை மாற்றக் கோரி மனு போட வேண்டும். ஜாமீன்தாரருக்குப் பதில் ரொக்கம், அல்லது சொந்த ஜாமீன், அதாவது வேறு ஆள் இல்லாமல் அவரே கையெழுத்திட்டுத் தரும் உறுதி. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று பிறப்பித்த உத்தரவு இதற்குத் துணை நிற்கிறது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்துக்குள் பிணை செலுத்தப்படாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்கிறது அது. உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற நிபந்தனை விடுதலையைத் தாமதப்படுத்தும் காரணங்களில் ஒன்று என்றும் சொல்லியிருக்கிறது. ரொக்கமாக மாற்றி உத்தரவு வாங்கிய பிறகு மேலே சொன்ன நிதிக்குப் போனால் வேலை நடக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆவது பிரிவு. முதல்முறை வழக்கில் சிக்கியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்திருந்தால் விடுவிக்கச் சொல்கிறது. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் சிக்கல். நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமை சிறைக் கண்காணிப்பாளருடையது. பழைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் தெளிவானது.

சிறை பஜார், சிறைப் பெட்ரோல் பங்க் எல்லாம் அரசு மானியத்தில் நடப்பதா?

பெரும்பாலும் இல்லை. தமிழ்நாட்டுச் சிறைகளில் தொழிற்கூடங்கள் நெடுங்காலமாகவே உண்டு. வேலூரில் தோல் காலணி, வேறு சிறைகளில் தறி, சோப்பு, பேக்கரி, அச்சு. அரசுத் துறைகளே பெரிய வாடிக்கையாளர்கள். பொதுமக்களுக்கு விற்கிற கடைகள்தான் சிறை பஜார்.

பெட்ரோல் பங்க்குகள் இந்தியன் ஆயில் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தப்படுபவை. புழல், வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் சிறைக்குச் சொந்தமான இடத்தில் நடக்கின்றன. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் வேலை செய்கிறார்கள். 2023 ஆகஸ்டில் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க்கும் திறக்கப்பட்டது.

மறுவாழ்வு என்று பார்த்தால் இந்தப் பங்க்குகளை நான் ஸ்கேனர்களுக்கு மேலே வைப்பேன். பல ஆண்டுகள் சுவருக்குள் இருந்த ஒருவர் தினமும் முன்பின் தெரியாத மனிதர்களிடம் பேசுகிறார், சில்லறை எண்ணுகிறார், எரிச்சலோடு வரும் வாடிக்கையாளரைச் சமாளிக்கிறார். வெளியே போனால் தேவைப்படுவது அதுதான். குறை என்னவென்றால் இடங்கள் கொஞ்சம், தண்டனைக் கைதிகளுக்கு மட்டும். விசாரணைக் கைதிகள் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

கூலி யாருக்குப் போகிறது?

சிறைவாசிக்குத்தான், ஆனால் முழுதாக இல்லை. சிறைவாசிகளின் வேலைக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1998இல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அடிப்படையில் பராமரிப்புக்கு ஒரு பங்கு, பாதிக்கப்பட்டவர் நிதிக்கு ஒரு பங்கு என்று பிடித்தம் நடக்கிறது. மீதி அவர் கணக்கில். அதிலிருந்து வீட்டுக்கு அனுப்பலாம், கேன்டீனில் செலவழிக்கலாம்.

வேலையைப் பிரிப்பதில் சாதி பார்க்கக் கூடாது என்பதும் இப்போது சட்டம். 2024 அக்டோபர் 3 அன்று வந்த சுகன்யா சாந்தா வழக்குத் தீர்ப்பு, துப்புரவு ஒரு சாதிக்கு, சமையல் இன்னொரு சாதிக்கு என்று இடம் தந்த சிறைக் கையேட்டு விதிகளை ரத்து செய்தது. பயிற்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

உள்ளே இருந்தபடி படிக்கலாமா? கட்டணம்?

படிக்கலாம். இக்னோ பல்கலைக்கழகம் சிறைவாசிகளுக்குக் கட்டணம் வாங்குவதில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் சிறைகளில் படிப்பு நடத்துகிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வெழுதித் தேறுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். சிறை நூலகங்களுக்குப் பணத்தைவிடப் புத்தகம்தான் தேவை. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று ஓர் அரங்கம் போட்டு வாசகர்களிடமே புத்தகம் கேட்டு வாங்கியது. மானியத்துக்குக் காத்திருக்காமல் நடந்த வேலை.

திறந்தவெளிச் சிறைக்குச் செலவு அதிகமா?

குறைவு. உயர்ந்த சுவர் வேண்டாம், காவலர் கூட்டம் வேண்டாம். சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் இருக்கும் திறந்தவெளிச் சிறையில் கைதிகள் விவசாயம் செய்கிறார்கள். ராஜஸ்தான் இன்னும் தைரியமானது. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் 1960களில் இருந்து இயங்கும் திறந்தவெளி முகாமில் கைதிகள் மனைவி மக்களோடு குடியிருந்து, பகலில் வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதித்துத் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால், புதிய உயர்பாதுகாப்புச் சிறைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குத் திருப்புவதுதான் புத்திசாலித்தனம்.

பெண் கைதிகள், அவர்களோடு இருக்கும் குழந்தைகளுக்குத் தனி நிதி உண்டா?

மாநில பட்ஜெட்டுக்குள்தான் வரும். ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம். உணவு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் தர வேண்டியது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கென்று தனிச் சிறப்புச் சிறைகள் புழல், வேலூர், திருச்சி, கோவை, மதுரையில் உள்ளன. சிறிய கிளைச் சிறைகளில் இருக்கும் பெண்களுக்குத்தான் வசதி எட்டுவதில்லை.

விடுதலையான பிறகு தொழில் தொடங்க உதவி கிடைக்குமா?

விடுதலையான சிறைவாசிகளுக்கு உதவும் சங்கம் ஒன்று தமிழ்நாட்டில் அரசின் ஆதரவோடு வெகுகாலமாக இயங்குகிறது. 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னாள் சிறைவாசிகளுக்குத் தலா 50,000 ரூபாய் வழங்கப்பட்டது. பெட்டிக்கடை, தையல் இயந்திரம், கறவை மாடு மாதிரிச் சிறு தொழில்களுக்கு. விண்ணப்பத்துக்கு மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பாருங்கள். விடுதலை நாளுக்கு முன்பே சிறை நல அலுவலரிடம் பேசி வைப்பது இன்னும் நல்லது. வெளியே வந்து ஆதார், வங்கிக் கணக்கு, குடியிருப்புச் சான்று என்று அலைந்து முடிப்பதற்குள் பலர் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள்.

மகாராஷ்டிரம் செய்த ஒன்றைப் பிற மாநிலங்கள் பார்க்கலாம். 2022இல் அம்மாநிலக் கூட்டுறவு வங்கி, தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும் கைதிகளுக்கே 50,000 ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் கடன் தரத் தொடங்கியது. ஜாமீன் வேண்டாம், சிறையில் வாங்கும் கூலியில் தவணை கழியும். குடும்பத்தின் அவசரச் செலவு, வக்கீல் கட்டணம் போன்றவற்றுக்கு அது உதவுகிறது. கந்துவட்டியில் வீடு மூழ்காமல் இருப்பதும் ஒரு மறுவாழ்வுதான்.

எங்கள் தொண்டு நிறுவனம் சிறைக்குள் பயிற்சி நடத்த விரும்புகிறது. சிறைத்துறை நிதி தருமா?

நேரடியாகப் பணம் எதிர்பார்க்காதீர்கள். மத்திய அரசின் சிறை நிதி மாநில அரசுக்குத் தரப்படுவது, உங்களுக்கு இல்லை. சிறைத்துறை உங்களுக்குத் தரக்கூடியது அனுமதி, இடம், ஆட்கள். பணத்தை வேறு வாசலில் தேட வேண்டும். தொழில் பயிற்சி என்றால் திறன் மேம்பாட்டுத் திட்டங்கள். போதை மீட்பு என்றால் சமூக நீதி அமைச்சகத்தின் போதைப் பொருள் தேவைக் குறைப்புத் திட்டம். இல்லாவிட்டால் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி.

முதலில் சிறைத்துறைத் தலைமை அலுவலகத்தில் எழுத்துபூர்வ அனுமதி வாங்குங்கள். கண்காணிப்பாளர் வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார் என்று திட்டத்தை எழுதிக் கொடுத்துப் பணமும் வந்தபின், அவர் மாற்றலாகிப் போய்விட்டால் கதை முடிந்தது.

சமூகப் பொறுப்பு நிதி சிறைக்குப் பொருந்துமா?

இந்த நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம் என்று பட்டியலிடும் கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் சிறை என்று தனியாக இல்லை. கல்வி, தொழில் திறன், சுகாதாரம் என்று இருக்கிறது, அதற்குள் வரலாம். உங்கள் நிறுவனத்துக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகளும், சமூகப் பொறுப்பு நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். மத்திய அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்க நீதி ஆயோக் தொண்டு நிறுவனங்களுக்காக நடத்தும் தர்பன் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்குச் சிறை என்றால் கொஞ்சம் கூச்சம் உண்டு, பள்ளிக்கூடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதைத்தான் விரும்புவார்கள்.

திட்டத்தில் என்ன எழுதினால் எடுபடும்?

எத்தனை பேருக்குப் பயிற்சி என்பதோடு நிறுத்தாதீர்கள். விடுதலைத் தேதி ஒன்றிரண்டு ஆண்டுக்குள் வரும் தண்டனைக் கைதிகளைத் தேர்ந்தெடுங்கள். சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. கேட்டால் சின்ன விஷயம், ஆனால் புழல் என்று அச்சிட்ட சான்றிதழை எந்த முதலாளியிடம் நீட்டுவது? விடுதலைக்குப் பிறகு ஆறு மாதம் தொடர்பில் இருக்க ஒரு ஆளுக்குச் சம்பளம் போடுங்கள். பட்ஜெட்டில் முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான், அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயன்பாட்டுச் சான்று என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு அலறுகிறார்கள்?

வாங்கிய மானியம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று கையெழுத்திட்டுத் தரும் சான்று. மத்திய அரசின் பொது நிதி விதிகள்படி, நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் தர வேண்டும். முந்தைய பணத்துக்குச் சான்று போகாவிட்டால் அடுத்த தவணை வராது. மாநிலங்களுக்கும் இதே கதைதான். திட்டத்தில் பணம் இருந்தும் மாநிலத்துக்கு வராமல் நிற்பதற்கு அடிக்கடி இதுவே காரணம். மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகக் கருவி வாங்குவதற்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் மாநிலத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது சிறைத்துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியாகும். தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் இலவசம். அதோடு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, தணிக்கைத் துறை அறிக்கைகள். மாநிலவாரி மத்திய நிதிக்கு நாடாளுமன்றக் கேள்வி பதில்களைத் தேடுங்கள். 2023 செப்டம்பரில் உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு சிறைகள் பற்றித் தந்த 245ஆவது அறிக்கையும் பயனுள்ளது.

இவற்றில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். "சிறை நிதி பற்றிய விவரம்" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகவே பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்துக்கான மாவட்டக் குழு இந்த நிதியாண்டில் கூடிய தேதிகள், ஒவ்வொரு கூட்டத்திலும் பரிசீலித்த மனுக்களின் எண்ணிக்கை, அனுமதித்த தொகை, நிராகரித்ததற்கான காரணங்கள். பெயர் கேட்காதீர்கள், தனிப்பட்ட தகவல் என்று முழு மனுவையும் தள்ளிவிட அது சாக்காகிவிடும். உங்கள் மாவட்டத்தில் குழு ஒருமுறைகூடக் கூடவில்லை என்று பதில் வந்தால், அந்தக் காகிதத்தை அப்படியே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுத் தலைவரான மாவட்ட நீதிபதிக்கு ஒரு கடிதத்தோடு அனுப்புங்கள்.